வசூல் தீர்ப்பாகுமா? கடற்கொள்ளையர் படமொன்றும் அதன் பார்வையாளரும்

"மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர், குறை கூற நீர் யார்?" திரைப்படம் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் இவ்வாக்கியத்தில் வந்து முட்டியே முடிவடைகின்றன. விரிவுரை மண்டபத்தில் வர்க்கப் பகுப்பாய்வு நிகழ்த்துவோரும், விடுதியறையில் அழகியல் பேசுவோரும், இவ்விரண்டிலும் நாட்டமற்றோரும் இவ்விடத்தில் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபட்டுவிடுகின்றனர். மறுத்துரைப்பவன் மேட்டிமைவாதி எனவும், பொதுமக்களின் சுவையை இகழ்பவன் எனவும் பெயர்பெற்று வாயடைத்துப் போகின்றான். மக்களின் பெயரால் இடப்படும் இவ்வாய்ப்பூட்டு மக்களுடையதுதானா என எவரும் வினவுவதில்லை. விநியோகத்தரின் கணக்கேட்டிலிருந்து எடுத்து மக்களின் வாயில் திணிக்கப்பட்ட வாக்கியம் அது என்பதே என் வாதம்.

வாதத்தைப் பொதுப்படையாக நிகழ்த்துவதிலும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நோக்குவதே நேர்மையானது. 2006 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான 'பைரேற்ஸ் ஒவ் த கரிபியன்: டெட் மான்ஸ் செஸ்ற்' என்னும் படம் இதற்கு மிகவும் பொருத்தமானது. டிஸ்னி நிறுவனத்தின் வெளியீடு; ஜெரி புறுக்ஹைமர் தயாரித்தது; கோர் வேர்பின்ஸ்கி நெறியாள்கை செய்தது. ஜாக் ஸ்பரோ என்னும் கொள்ளைக் கப்பற்றலைவனாக ஜொனி டெப் நடித்து 2003 இல் வெளிவந்த படத்தின் தொடர்ச்சி. அம்முதற் படத்துக்கும் மூலம் ஒரு நாவலோ வரலாறோ அன்று. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னியின் பொழுதுபோக்குப் பூங்காவில் 1967 இல் தொடங்கப்பெற்ற ஒரு படகுச் சவாரியே. அதற்காக முகஞ்சுளிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. சடங்கிலிருந்து நாடகம் பிறந்ததெனப் பரீட்சையில் எழுதிச் சித்தியெய்தும் நாம், சவாரியிலிருந்து கதை பிறப்பதை இழிவென்று கருத நியாயமில்லை.

இரண்டாம் படத்துக்கு முதல் மூன்று நாட்களில், அமெரிக்க, கனேடியப் படமாளிகைகளில் மாத்திரம், ஏறத்தாழ 13.5 கோடி டொலர் திரண்டது. அதுவரை எந்தப் படமும் தன் முதல் வார இறுதியில் அத்தொகையைக் கண்டதில்லை. உலகளாவிய வருவாய் 106 கோடி டொலரை எட்டியது. நூறு கோடி என்னும் எல்லையைக் கடந்த மூன்றாவது படம் அது. மறுபுறம், பத்திரிகை விமர்சகருள் ஏறக்குறையப் பாதிப் பேர் அதனைப் பாராட்டவில்லை. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து, விமர்சகர் தோற்றனர், மக்கள் வென்றனர் என்று முடிவு கட்டுவது எவர்க்கும் எளிதாயிற்று.

கணக்கைக் காட்டி வாயடைப்போருக்குக் கணக்கைக் கொண்டே விடையளிப்போம். முதற் படம் 2003 இல் வட அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ 30.5 கோடி டொலர். அதில் முதல் வார இறுதியில் கிடைத்தது 4.6 கோடி மாத்திரமே. அஃதாவது ஏழிலொரு பங்கிற்குச் சற்று மேல். அப்படம் புதன்கிழமையே வெளியாகிவிட்டமையால், வார இறுதிக்கு முந்திய இரு நாட்களையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும் எனலாம். அவ்வாறு எண்ணினும் அது நாலிலொரு பங்கை எட்டாது. எஞ்சிய பெருந்தொகை, பார்த்தவர் பாராதவரிடம் கூறக் கூற, வாரந்தோறும் வந்து சேர்ந்தது. இரண்டாம் படமோ அங்கு ஈட்டிய 42.3 கோடியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை முதல் மூன்று நாட்களிலேயே பெற்றுவிட்டது. அந்நாட்களில் வரிசையில் நின்றோர் யாவர்? அப்படத்தை அதுவரை பார்த்திராதவர். பார்த்திராத ஒன்றைப் பற்றி ஒருவர் தீர்ப்பு வழங்குவது எங்ஙனம்? அவர்கள் கையில் இருந்த பணம் முதற் படத்தின் நினைவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே இரண்டாம் படத்தின் சாதனை வசூலில் கணிசமான பகுதி முதற் படத்தைப் பற்றிய கருத்தேயன்றி இரண்டாம் படத்தைப் பற்றியதன்று.

இரண்டாம் படத்தைப் பற்றிய கருத்தை வசூலிலேதான் தேடவேண்டுமெனின், மூன்றாம் படத்தின் கணக்கில் தேடுதல் பொருந்தும். 2007 மே மாதத்தில் வெளியான அப்படத்தின் வட அமெரிக்க வருவாய் 30.9 கோடியாகச் சரிந்தது. சரிவுக்குக் காரணங்கள் பலவாயிருக்கலாம். மூன்றாம் படத்தின் சொந்தக் குறைகளும் அவற்றுள் அடங்கும். எனினும், வசூலே மக்கள் தீர்ப்பென வாதிடுவோர் இச்சரிவையும் தீர்ப்பாக ஏற்றல் வேண்டுமன்றோ? ஏறினால் மக்கள் தீர்ப்பு, இறங்கினால் சந்தை நிலைமை என்பது எவ்வகை நியாயம்?

வசூலை விடுத்து நேரடியாகவே மக்களைக் கேட்கும் முறையொன்றும் அமெரிக்காவில் உண்டு. சினிமாஸ்கோர் என்னும் நிறுவனம் படம் வெளியாகும் நாளன்று படமாளிகையில் அட்டைகளை வழங்கிப் பார்வையாளரிடம் தரம் கேட்கின்றது. முதற் படத்துக்கு 'ஏ' கிடைத்தது. இரண்டாவதற்கு 'ஏ மைனஸ்'. உயர்ந்த தரந்தான். ஆயின் முதல் நாளிலேயே முண்டியடித்து வருவோர் யாரென்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். தேர்த் திருவிழாவன்று கோயில் வாயிலில் நின்று, வருவோரிடம் சுவாமியிற் பக்தி உண்டோ எனக் கேட்டு ஊரின் பக்தியை அளவிடுவதை ஒத்தது இம்முறை. என் தலைமுறையினருட் பெரும்பாலோர் இப்படத்தைப் படமாளிகையிற் கண்டதில்லை. சிறுபராயத்தில் இறுவட்டிலோ தொலைக்காட்சியிலோ கண்டோம். அவ்விறுவட்டுகளிற் பல எவ்வழியில் வந்தவை என்பதும் நாமறிந்ததே. கொள்ளையர் படத்தைக் கொள்ளையாய் வந்த இறுவட்டிற் பார்த்த எங்களை எந்த அட்டையும் எண்ணவில்லை.

எண்ணிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, பார்த்தவர் உண்மையில் என்ன கூறினர் என நோக்குமிடத்து, நமது சொல்லாடலில் இடம்பெறாத ஒரு வளம் புலனாகின்றது. பெருவாரியானோர் படத்தை விரும்பினர். ஆயின் எதனை விரும்பினர், எதனை விரும்பவில்லை என்பதிற் தெளிவாயிருந்தனர். கடற்பூதத் தலைவன் டேவி ஜோன்ஸின் முகத்தை, தாடிக்குப் பதிலாக நெளியும் கணவாய்க் கரங்களோடு கூடிய அம்முகத்தை, அனைவரும் வியந்தனர். நடிகர் பில் நையியின் முகபாவங்களைப் பதிவுசெய்து அவற்றின் மீது கணினியால் முழுதும் வரையப்பட்ட முகம் அது. பார்த்தோருட் பலர் அது ஒப்பனையே என எண்ணினர். அப்படத்துக்குக் காட்சி நுட்பத்திற்கான ஒஸ்கார் விருது 2007 இல் கிடைத்தமை இவ்வியப்பின் பின்வந்ததே. உருண்டோடும் ஆலைச் சக்கரத்தின் மேல் மூவர் வாட்போர் புரியும் காட்சியிலுள்ள நகைச்சுவையை, மௌனப்பட காலத்து நகைச்சுவை மரபுடன் இணைத்துப் பேசியோரும் உண்டு. இவையெல்லாம் சுவையறிந்தோர் பேச்சு.

குறைகளையும் அவர்களே கூறினர். இரண்டரை மணி நேரம் ஓடும் படத்தில், யார் யாரை எதற்காகத் துரத்துகின்றனர் என்பது நடுவில் மறந்துபோகின்றது என்றனர். திசைகாட்டி, திறவுகோல், பேழை, இதயம், கடன் எனக் கைமாறும் பொருள்கள் பெருகப் பெருக மாந்தர் சிறுத்துப் போயினர் என்றனர். முதற் படத்தில் ஜாக் ஸ்பரோவின் தள்ளாட்டம் எதிர்பாராததாயிருந்தது, இதிலோ அதனை எதிர்பார்த்தே அமர்ந்திருந்தோம் என்றனர். எல்லாவற்றிலும் கூர்மையான முறைப்பாடு முடிவு பற்றியது. நாயகனைப் பூதமீன் விழுங்க, முதற் படத்தில் இறந்துபோன பார்பொஸ்ஸா மாடிப்படியில் உயிருடன் இறங்கி வர, படம் அங்கேயே நின்றுவிடுகின்றது. மிகுதிக்குப் பத்து மாதம் காத்திருத்தல் வேண்டும். மீண்டும் ஒரு நுழைவுச்சீட்டு வாங்குதல் வேண்டும். இரண்டாம் மூன்றாம் படங்கள் அடுத்தடுத்தே படமாக்கப்பட்டமையால், இது கதையின் தேவையால் விளைந்த இடைவெளி என்பதிலும் விற்பனையின் தேவையால் விளைந்தது என்பதே பொருந்தும். அரைக்கதைக்கு முழுவிலை என்று ஒரு பார்வையாளன் முறையிடும்போது அவன் அழகியலும் பொருளியலும் ஒருங்கே பேசுகின்றான். இம்முறைப்பாட்டைக் கூறியவனும் நுழைவுச்சீட்டு வாங்கியவனே. கணக்கேடு அவனது பணத்தை வரவில் எழுதிக்கொண்டது. அவனது சொல்லை எழுதும் நிரல் அதில் இல்லை.

இனி, விமர்சகர் பக்கம் திரும்புவோம். அவர்களை விட்டுவிடும் நோக்கம் எனக்கில்லை. படத்தைக் குறைகூறியோருட் சிலர் பார்வையாளரையும் சேர்த்தே குறைகூறினர். வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் மயங்கும் கூட்டம் என்னும் எண்ணம் அவ்வெழுத்துகளின் அடியில் ஓடியது. இவ்வெண்ணத்துக்குப் பெருமை வாய்ந்த ஒரு பரம்பரை உண்டு. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் 'பண்பாட்டுக் கைத்தொழில்' பற்றி எழுதியபோது, ஆலையிற் செய்த பொருள்போல் வந்துசேரும் கலையின் முன் பார்வையாளன் ஏறத்தாழச் செயலற்றவனாகவே காட்சியளித்தான். தொழிற்சாலையைப் பற்றி அவர்கள் கூறியதிற் பெரும்பகுதியை நான் ஏற்கின்றேன். பார்வையாளனைப் பற்றிக் கூறியதை ஏற்பதற்கில்லை. 1973 இல் ஸ்ருவேட் ஹோல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் நமக்குத் துணைநிற்கும். அனுப்புவோன் இட்ட பொருளைப் பெறுவோன் அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி ஒரு பகுதியை ஏற்கலாம், முற்றாக எதிர்த்தும் வாசிக்கலாம் என்றார் அவர். அவர் 1932 இல் பிறந்தது யமேக்காவின் கிங்ஸ்ரனில். கடற்கொள்ளையர் படங்களில் வரும் போட் றோயல் துறைமுகம் அதே குடாவின் வாயிலில் நின்றது. 1692 இல் நிலநடுக்கத்தாற் பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. கொள்ளையர் கதைக்கு உரிய மண்ணிலிருந்தே பார்வையாளனின் மதிப்பை நிலைநாட்டிய கோட்பாட்டாளர் வந்தார் என்பது தற்செயலாயினும் எனக்கு உவப்பானது. நம்மவருள், தமிழ்ச் சினிமா பற்றி எழுதிய பேராசிரியர் கா. சிவத்தம்பி, சாதியாற் பிரிந்திருந்த தமிழர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலைக்கூடமெனப் படமாளிகையைச் சுட்டிக்காட்டினார். அக்கூடத்தில் அமர்ந்தோரை மந்தையென்று அழைப்பவன் எந்த இருக்கையிலிருந்து பேசுகின்றான் என்பதை அவனே கூறட்டும்.

விமர்சகரும் விநியோகத்தரும் எதிரெதிர் முகாமினர் போலத் தோன்றினும் இவ்விடயத்தில் ஒரே கருத்தினர். மக்கள் சிந்திப்பதில்லை, வாங்குகின்றனர் என்பதே அக்கருத்து. ஒருவர் அதனை வருத்தத்துடன் கூறுகின்றார். மற்றவர் மகிழ்ச்சியுடன் கூறுகின்றார்.

படத்தின் பகைவன் யாரென்பதையும் பார்வையாளர் கவனிக்கத் தவறவில்லை. பூதத்தலைவன் பயங்கரமானவனாயினும் மெய்யான பகைவன் பெக்கற் பிரபு என்னும் கிழக்கிந்திய வர்த்தகக் கொம்பனியின் பிரதிநிதி. மேசையில் அமர்ந்து பத்திரங்களில் ஒப்பமிட்டுக் கடலை விலைக்கு வாங்க முயல்பவன். வரலாற்றிலே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு 1600 இல் வழங்கப்பட்ட பட்டயம் நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கேயுள்ள வணிகத்துக்கே உரியது. கரிபியனில் அதற்கு வேலையில்லை. பறக்கும் ஒல்லாந்தன் என்னும் பேய்க்கப்பற் கதையும் அம்முனையைச் சுற்றிய கடலுக்கே உரியது. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் கப்பல்கள் வந்த வழி அது. நமது பாதையிலிருந்த கொம்பனியையும் பேயையும் படம் மேற்கே கடத்திச் சென்றுவிட்டது. இவ்வழு எனக்குப் பெரிதன்று. 1796 இல் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிச் சென்னையிலிருந்து நிருவகித்து, மறு ஆண்டே வரிக்கெதிரான கிளர்ச்சியைச் சந்தித்த அக்கொம்பனியின் பெயரைக் கேட்கும் இந்நாட்டுப் பார்வையாளன், கொள்ளையர் பக்கம் சாய்வது இயல்பே. ஆயின் கொம்பனிக்கெதிரான கலகத்தை இத்துணைக் கவர்ச்சியுடன் நமக்கு விற்றது உலகின் மிகப் பெரும் பொழுதுபோக்குக் கொம்பனிகளுள் ஒன்று என்பதையும் சேர்த்தே காண வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கரிபியக் கடலை இரண்டரை மணி நேரம் காட்டும் படத்தில், அக்கடலின் முதன்மையான சரக்காயிருந்த அடிமை மனிதர் கதைப்பொருளாகவில்லை என்பதையும் காண வேண்டும்.

இவையனைத்திலும் கனமானது பிறிதொரு கருத்து. படம் எடுக்கப்படுமுன்னரே தெரிவிக்கப்பட்ட கருத்து. படத்தின் முற்பகுதியில் ஜாக் ஸ்பரோ ஒரு தீவிலே நரமாமிசம் உண்ணும் குலத்தாரிடம் அகப்பட்டு, அவர்களாற் கடவுளாகப் போற்றப்பட்டு, நெருப்பில் வாட்டப்படவிருக்கும் நிலையில் தப்புகின்றான். சிறுவர் உருண்டு புரண்டு சிரிக்கும் காட்சி. அது 2005 இல் டொமினிக்காத் தீவிற் படமாக்கப்பட்டது. அத்தீவின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 3,700 ஏக்கர் நிலப்பரப்பு 1903 முதல் கலினாகோ மக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கரிப் என ஐரோப்பியரால் அழைக்கப்பட்டு, கரிபியன் கடலுக்கே பெயரீந்த மக்கள் அவர்கள். இன்று அங்கு வாழ்வோர் மூவாயிரம் பேர் அளவினர். அன்றைய அவர்களது தலைவர் சார்ள்ஸ் வில்லியம்ஸ் அக்காட்சிகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஐரோப்பியரை எதிர்த்து நின்ற காரணத்தினாலேயே தம் முன்னோர் மீது நரமாமிசப் பட்டம் சுமத்தப்பட்டது என்பது அவர் நிலைப்பாடு.

அவர் கூறியது உணர்ச்சிவயப்பட்ட மிகையன்று. ஆங்கிலத்தில் நரமாமிசம் உண்போரைக் குறிக்கும் 'கனிபல்' என்னும் சொல்லே, 1492 இல் கொலம்பஸ் அம்மக்களின் பெயரைத் தன் செவிக்கெட்டியவாறு எழுதியதன் வழிவந்தது. அவன் எழுதியதும் பிறர் கூறக் கேட்டதே. 1503 இல் ஸ்பானிய அரசி இசபெலா பிறப்பித்த ஆணை, நரமாமிசம் உண்போர் எனக் கருதப்பட்டோரைச் சிறைப்பிடித்து அடிமைகளாக விற்க அனுமதித்தது. அதன்பின் எக்குலத்தை அடிமைப்படுத்த விரும்பினும் அக்குலம் மனிதரைத் தின்கின்றது எனக் கூறினாற் போதுமாயிற்று. ஒரு சொல் சட்டமாகி, சட்டம் சங்கிலியாகிய வரலாறு இது. 2006 இல் அது நகைச்சுவைக் காட்சியாகிப் பன்னாட்டுத் திரைகளில் ஓடியது.

படத்திலுள்ள குலம் கற்பனைக் குலம், அதற்குக் கரிப் என்று பெயரில்லை என விடைகூறுவோர் உளர். உண்மை, பெயரில்லை. ஆயின் கரிபியன் எனத் தலைப்பிட்டு, கரிபியத் தீவொன்றில், அம்மக்கள் வாழும் மண்ணிலேயே படமெடுத்துவிட்டு, இது யாரையும் குறிப்பதன்று என்பது சட்டத்தரணியின் விடையேயன்றிக் கலைஞனின் விடையன்று. டொமினிக்காவின் அரசு படப்பிடிப்பை வரவேற்றது. தீவினர் பலர் துணைநடிகராகக் கூலிபெற்று நடித்தனர், கலினாகோ மக்களுட் சிலரும் அவ்வேலையை விரும்பினர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. வேலையற்ற ஊரில் ஒருவன் கூலிக்குத் தன் பாட்டனின் அவதூற்றை நடித்துக் காட்டினான் எனின், அதனை அவனது சம்மதம் என்று எழுதிக்கொள்வதும் அந்தக் கணக்கேட்டின் வழக்கந்தான்.

பார்வையாளரின் எதிர்ப்புக்கு டிஸ்னி செவிசாய்ப்பதே இல்லை என்று நான் கூறவரவில்லை. படங்களுக்கு மூலமான படகுச் சவாரியில், சிறைப்பிடித்த பெண்களைக் கொள்ளையர் ஏலத்தில் விற்கும் காட்சியொன்று பல்லாண்டு இருந்துவந்தது. காலம் மாறியது, அக்காட்சி பலரை உறுத்தியது, 2018 இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதனை மாற்றி, ஏலத்தில் நின்ற செந்நிறக் கூந்தற் பெண்ணையே ஒரு கொள்ளைக்காரியாக்கினர். பழைய காட்சியே வேண்டுமென முறையிட்ட ரசிகரும் இருந்தனர். மாற்றம் நன்று. பூங்கா வாயிலில் ஆண்டுதோறும் நுழைவுச்சீட்டு வாங்கும் குடும்பங்களின் மனவுறுத்தல் வருவாயைத் தொடும். ஆதலால் அது செவியில் ஏறும். சார்ள்ஸ் வில்லியம்ஸின் சொல்லுக்கு அத்தகைய வலு இருக்கவில்லை. மூவாயிரம் பேரும் ஒருவர் விடாது அப்படத்தைப் புறக்கணித்திருப்பினும், 106 கோடி டொலரில் எவர் கண்ணுக்கும் அது தென்பட்டிராது.

2015 இல் அப்பிரதேசத்தின் பெயர் சட்டப்படி கலினாகோ பிரதேசம் என மாற்றப்பட்டது. கொலம்பஸ் தந்த பெயர் ஒருவாறு நீங்கியது. படத்தில் அக்காட்சி அவ்வண்ணமே இருக்கின்றது. மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்று நாளையும் நம்மிடம் கூறவிருக்கும் நண்பர்கள், அம்மூவாயிரம் பேரையும் அரைக்கதைக்கு முழுவிலை கொடுத்தவனையும் எந்த நிரலில் எழுதியுள்ளனர் என்பதை முதலிற் காட்டட்டும், அதன்பின் பேசுவோம்.